வாய் உடையாத ஓடு வேண்டும்: சங்கு, நத்தை, சிப்பி ஓடுகளின் கற்பித்தல் பெட்டி பற்றிய மதிப்பீடு

இலங்கையின் தேயிலை மலைகளில், ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தமிழ்ப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்து வருகிறேன். இரண்டாம் தவணையின் தொடக்கத்தில், கொழும்பிலுள்ள கற்பித்தல் உபகரணக் கடை ஒன்றிலிருந்து, மெல்லுடலிகளின் ஓடுகள் 24 அடங்கிய பலகைப் பெட்டி ஒன்றைக் கூரியர் மூலம் வரவழைத்தோம். ஒரு கைவில்லை, வண்ணச் சுவர்ப்படம், தமிழ்க் கையேடு ஆகியவற்றையும் சேர்த்து விலை 14,500 ரூபா. பாதியைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் மீதியைப் பழைய மாணவர்கள் சிலரும் கொடுத்தார்கள். கொழுந்து பறித்துச் சேர்த்த காசும் அதில் இருப்பதால், கொடுத்த விலைக்குப் பொருள் தகுமா என்று நுணுகிப் பார்க்கும் கடமை எனக்கு இருந்தது. தவணை முடியும்வரை பயன்படுத்திய பின்னர், அயற் பாடசாலை ஆசிரியர்கள் மூவர் இதே பெட்டியை வாங்கலாமா என்று கேட்டதால், அவர்களுக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம், ஆனால் பணம் அனுப்புவதற்கு முன்னர், ஒவ்வோர் ஓட்டின் வாய்ப்பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து அனுப்பும்படி கடைக்காரரிடம் கேட்டுப் பெற்று, வாயின் விளிம்பான உதடு முழுமையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும். ஓட்டின் முதுகை மட்டும் காட்டும் விளம்பரப் படத்தை நம்பி வாங்கியதுதான் நாங்கள் செய்த பிழை.

வாயை வைத்து ஓட்டை ஏன் மதிப்பிட வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. நத்தையின் உடல் சுருண்டு கிடக்கும் குழாய்க்கு வாசல் ஒன்றுதான். தலையும் பாதமும் வெளியே வருவதும், காற்றோ நீரோ உட்புகுவதும், கழிவு வெளியேறுவதும், முட்டை வெளிவருவதும், பகை உயிர் நுழையப் பார்ப்பதும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான். முளையப் பருவத்தில், நத்தையும் சங்கும் அடங்கிய வயிற்றுக்காலிகளின் உள்ளுடல் தலைக்கு எதிராக ஏறத்தாழ 180 பாகை திரும்பிவிடுகிறது. இதனால் பின்னால் இருக்க வேண்டிய குதமும் மூச்சு உறுப்பின் குழியும் தலைக்கு மேலே, வாசலுக்கு அருகே வந்து சேர்கின்றன. உண்ணும் வாயும் கழிக்கும் துளையும் ஒரே வாசற்படியில் நெருங்கி நிற்கும் இந்த இக்கட்டைச் சமாளிப்பதற்காகவே, அந்த வாசலின் ஓரத்தில் வெட்டுகளும் குழல்களும் பள்ளங்களும் துளைகளும் தோன்றியிருக்கின்றன. ஆகவே வாயை ஒழுங்காகப் படித்தால், அந்த உயிர் எங்கே வாழ்ந்தது, எப்படி மூச்சு விட்டது, வளர்ந்து முடிந்ததா இல்லையா என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். வாய் சிதைந்த ஓடு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது கண்ணாடி அலுமாரிக்குரிய அழகுப் பொருளே தவிர, பாடத்துக்குரிய பொருளாகாது.

பெட்டி வந்த அன்று நானும் மாணவர்களும் முதலில் செய்த வேலை, ஓடுகள் அனைத்தையும் வாய் மேலே இருக்கும்படி மேசையில் அடுக்கியதுதான். 24 ஓடுகளில் 9 ஓடுகளின் வெளி உதடு உடைந்தோ, உடைந்ததை மறைக்க அரத்தால் தேய்க்கப்பட்டோ இருந்தது. தேய்த்த உதடு தொட்டால் வழவழப்பாகவே இருக்கும் என்பதால் பழக்கமில்லாதவர்கள் எளிதில் ஏமாந்துவிடுவார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நத்தை தன் ஓட்டை உதட்டின் விளிம்பிலேதான் சிறிது சிறிதாகக் கட்டிக்கொண்டு போகிறது. எனவே ஓட்டின் மேல் தெரியும் ஒவ்வொரு வளர்ச்சிக் கோடும் ஒரு காலத்தில் உதடாக இருந்த இடமாகும். இப்போதைய உதட்டின் ஓரம் அந்தக் கோடுகளுக்கு இணையாக ஓடினால் அது உயிர் விட்டுச்சென்ற இயல்பான ஓரம். கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடினால் அது உடைந்த ஓரம் அல்லது மனிதர் தேய்த்த ஓரம். இதை நான் விளக்கி முடிப்பதற்குள், முன் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி கூம்புச் சங்கைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சேர், கோடெல்லாம் ஓரத்துல வந்து அறுந்து நிக்குது” என்றாள். அவள் சொன்னது சரிதான். கூம்புச் சங்கின் வாய் நெடுநீளமான ஒடுங்கிய பிளவு. அதன் வெளி உதடு காகித விளிம்புபோல் மெல்லியது. அதிலிருந்து ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் காணாமற் போயிருந்தது.

இனி, இந்தப் பெட்டியில் மனமாரப் பாராட்ட வேண்டிய இரண்டு பொருள்களைச் சொல்கிறேன். இவ்விரண்டுக்காகவே பாதி விலையைக் கொடுக்கலாம்.

முதலாவது, நெடுக்காக அறுத்து வைக்கப்பட்ட சங்கு. அறுப்பு உச்சியிலிருந்து குழல் நுனிவரை, சுருள்களின் நடுவே அச்சுப்போல் நிற்கும் நடுத்தண்டின் வழியாகச் சரியாகச் சென்றிருக்கிறது. சாதாரணச் சங்கின் வாய்க்குள் எட்டிப் பார்த்தால், உள் உதட்டின் பக்கம் தடித்த மடிப்புகள் மூன்று நான்கு தெரியும். அவை வாயின் ஓரத்திலுள்ள வெறும் அலங்காரம் என்றே மாணவர்கள் நினைப்பார்கள். அறுத்த ஓட்டில் பார்க்கும்போதுதான், அம்மடிப்புகள் நடுத்தண்டைச் சுற்றித் திருகாணிப் புரிபோல் உள்ளே தொடர்ந்து ஏறிச் செல்வது தெரிகிறது. உயிரை ஓட்டோடு பிணைக்கும் தசை அந்த நடுத்தண்டைத்தான் பற்றியிருக்கிறது; ஆபத்து வந்தால் உடல் முழுவதையும் உள்ளே இழுப்பது அதுவே. கோயிலிலும் சாவு வீட்டிலும் சங்கு ஊதுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இங்கே இன்னொன்றையும் காட்ட முடிந்தது. ஊதுகிறவர் உதட்டை வைப்பது உச்சியை வெட்டித் திறந்த துளையிலேதான். நத்தை தலையை நீட்டிய இயற்கையான வாய் ஒலி வெளியேறும் பக்கமாக அமைகிறது. சுருள் சுருளாக அகன்றுகொண்டே வரும் உட்குழாயை அறுத்த ஓட்டில் விரலால் தடவிப் பார்த்த பிறகு, அந்த ஒலி ஏன் அப்படிப் பெருகி வருகிறது என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை.

இரண்டாவது, ஒரே இனச் சோழியின் இளம் ஓடும் முதிர்ந்த ஓடும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது. பல்லாங்குழியிலும் தாயத்திலும் சோழியைக் கண்ட எவருக்கும் அதன் வாய் இரு பக்கமும் பல் வரிசையுள்ள நீண்ட பிளவு என்பது தெரியும். ஆனால் இளஞ்சோழிக்கு அந்தப் பிளவும் இல்லை, பல்லும் இல்லை. அகன்ற வாயும் மெல்லிய உதடும் கொண்ட சாதாரண நத்தை ஓடு போலவே அது இருக்கிறது. வளர்ச்சி முடியும் தறுவாயில் வெளி உதடு உள்நோக்கிச் சுருண்டு, தடித்து, இரு ஓரங்களிலும் பற்களை உருவாக்கிக்கொள்கிறது. அதற்குப் பிறகு ஓடு நீளத்தில் பெரிதாக வழியில்லை. உட்சுவர்களைக் கரைத்துத்தான் உடலுக்கு இடம் தேட வேண்டியிருக்கிறது. சோழிக்கு வாசலை அடைக்கும் மூடி கிடையாது. ஒடுங்கிய பல்வாசலே அதற்குக் காவல். இந்த இரண்டு ஓடுகளையும் அருகருகே பார்க்காமல் நான் பல ஆண்டுகள் வாயால் மட்டும் விளக்கி வந்ததை நினைக்கும்போது, இந்தப் பெட்டி முன்பே கிடைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

இந்த நிறைவைக் குலைப்பது கையேடு. அதன் பெரிய பிழை, பெட்டியிலுள்ள முழுச் சங்குக்கு ‘வலம்புரிச் சங்கு’ என்று பெயரிட்டிருப்பது. அது எங்கும் கிடைக்கும் சாதாரண இடம்புரிச் சங்கேதான். இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்பது விளக்கத்தக்கது. விலங்கியலாளர்கள் ஓட்டை உச்சி மேலே, வாய் தம்மை நோக்கி இருக்கும்படி பிடிப்பார்கள். அப்போது வாய் வலப்பக்கம் இருந்தால் அதை வலச்சுருள் என்பார்கள். உலகிலுள்ள நத்தை, சங்கு இனங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகையே. நம்முடைய மரபிலோ சங்கின் குழல் நுனியை மேலே நிறுத்திப் பார்ப்பார்கள். ஓட்டைத் தலைகீழாக்கினால் அதே வாய் இப்போது இடப்பக்கம் வந்துவிடும். அதனால் விலங்கியலாளரின் வலச்சுருள் நமக்கு இடம்புரி ஆகிறது, மிக அரிதாகக் கிடைக்கும் அவர்களுடைய இடச்சுருள் நமக்கு வலம்புரி ஆகிறது. இரண்டு வழக்குகளிலும் பிழையில்லை. பிடிக்கும் நிலைதான் வேறு. கையேட்டை மொழிபெயர்த்தவர் ஆங்கிலச் சொல்லை நேரடியாக ‘வலம்புரி’ ஆக்கிவிட்டார். சாதாரணச் சங்கை வலம்புரி என்று சொல்லிப் பெருந்தொகைக்கு விற்று ஏமாற்றுபவர்கள் இருக்கும் நாட்டில், பாடசாலைக்கென்று அச்சிட்ட ஒரு கையேடு இப்படிச் சொல்வதை நான் சிறிய பிழையாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பெட்டியை வாங்குகிறவர்கள் அந்தப் பெயர்த்துண்டை உடனே கிழித்துவிட்டு, மாணவர்களைக் கொண்டே சங்கை இரு நிலையிலும் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

கையேட்டின் கலைச்சொற்களும் ஒரே தரமாக இல்லை. ஓட்டின் அடியில் நடுத்தண்டின் பக்கம் தெரியும் குழியை ‘தொப்புள்கொடி’ என்று எழுதியிருக்கிறார்கள். தொப்புட்குழி என்பதே பொருந்தும். நீரை உள்ளிழுக்கும் உறிஞ்சுகுழல் கிடக்கும் ஓட்டின் நீட்சி ‘வாய்க்கால்’ ஆகியிருக்கிறது. வயலுக்கு நீர் பாய்ச்சும் நினைவுதான் வருகிறது. மாறாக, உள் உதட்டின் மேல் படியும் தடித்த பூச்சுக்குக் ‘காய்ப்பு’ என்று போட்டிருப்பது மிக நல்ல தேர்வு. கவ்வாத்துக் கத்தி பிடித்த கையில் காய்ப்பு ஏறுவதை அறிந்த பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கையேடு சொல்லும் மற்றொரு விதியையும் திருத்த வேண்டியிருந்தது. வாயின் ஓரம் வெட்டில்லாமல் முழு வட்டமாக இருந்தால் அது தாவர உண்ணி என்றும், முன்பக்கம் குழலோ வெட்டோ இருந்தால் ஊன் உண்ணி என்றும் அது உறுதியாகச் சொல்கிறது. பொதுப்போக்கு அதுதான், முள்ளுச் சங்கு தன் நீண்ட குழலின் வழியே உறிஞ்சுகுழலை நீட்டி, நீரில் கலந்து வரும் இரையின் மணத்தை அறிந்துகொள்கிறது. ஆனால் இதே பெட்டியிலுள்ள ஐவிரல் சங்குக்குக் குழல் இருந்தும் அது பாசி மேய்வது. நிலாச் சங்குகளின் வாயில் வெட்டே இல்லாவிட்டாலும் அவை மட்டிகளைத் துளையிட்டுத் தின்பவை. ஐவிரல் சங்கைப் பற்றிப் பேசும்போது, அதன் வெளி உதட்டின் முன்பகுதியில் குழலுக்கு அருகே இருக்கும் சிறு வளைவை மறவாமல் காட்டுங்கள். அந்த உயிர் தன் வலக்கண்ணை, உடலை வெளியே கொண்டுவராமலே, அந்த வளைவின் வழியாக நீட்டிப் பார்க்கும். எங்களுக்கு வந்த ஓட்டில் அந்த வளைவு சிதையாமல் இருந்தது ஒரு நல்வாய்ப்பு.

மூடிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெட்டியின் மிக மோசமான குறை அங்கேதான் இருக்கிறது. பல கடல் நத்தைகளும் நன்னீர் நத்தைகளும் பாதத்தின் பின்பக்க மேற்புறத்தில் ஒரு மூடியைச் சுமந்து திரிகின்றன. உள்ளே இழுத்துக்கொள்ளும்போது தலை முதலில் போகும், பாதம் மடிந்து பின்னால் போகும், கடைசியில் மூடி வந்து வாசலை அடைக்கும். தலைப்பாகைச் சங்கு எனப்படும் வகையின் மூடி கனத்த சுண்ணக் கட்டி. வெளிப்பக்கம் குவிந்து, மெருகேறிய பூனைக்கண்போல் இருக்கும். உள்பக்கம் தட்டையாக, பழுப்பு நிறக் கொம்புப்பொருள் பூசி, சுருள்கோடு தெளிவாகத் தெரியும். அந்தத் தட்டைப் பக்கமே தசையோடு ஒட்டியிருந்த பக்கம். பெட்டியில் வந்த ஓட்டிலோ, சுருள்கோடு அழகாகத் தெரிய வேண்டுமென்று யாரோ நினைத்து, மூடியைப் பசை போட்டு மறுபக்கமாக ஒட்டியிருந்தார்கள். வாசற்கதவை உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டிய வீட்டைப்போல் அது இருந்தது. இளஞ்சூட்டு நீரில் ஒரு மணிநேரம் ஊறவைத்துப் பசையை இளக்கிக் கழற்றி, சரியான பக்கத்தைத் திருப்பி, இப்போது ஒட்டாமல் பஞ்சின் மேல் தனியாக வைத்திருக்கிறேன். இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்க்க முடிவதால் அதுவே வசதியாகவும் இருக்கிறது. வலச்சுருள் ஓட்டின் மூடியை வெளிப்பக்கமிருந்து பார்ப்பதாகக் கொண்டால், அதன் சுருள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் செல்கிறது என்பதையும் கையில் வைத்துக்கொண்டே காட்டலாம்.

பெட்டியிலுள்ள வயல் நத்தை ஓட்டோடு மூடியே வரவில்லை. இது வருத்தத்துக்குரியது, ஏனெனில் அதன் சுண்ண மூடி பாடத்துக்கு மிகவும் பயன்படக்கூடியது. மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் அமெரிக்க ஆப்பிள் நத்தையின் மூடி வெறும் கொம்புப்பொருள் என்பதால், நம் நாட்டு இனத்தையும் வெளிநாட்டு இனத்தையும் மூடியைக் கொண்டே பிரித்துக் காட்டலாம். அரைவட்ட வாயுள்ள நெரிட்டா ஓட்டுக்கு மட்டும் சரியான மூடி வந்திருந்தது. அதன் உட்புறத்திலுள்ள முளை தசையின் பிடிக்கு உதவுவதையும் காட்ட முடிந்தது.

கைவில்லையின் மேல் ‘10×’ என்று பொறித்திருக்கிறது. வில்லைக்கு நேரே சுவரில் தூரத்து சன்னலின் உருவம் கூர்மையாக விழும் தூரத்தை அளந்தால் குவியத் தூரம் கிடைக்கும். அது 5 சென்ரிமீற்றராக இருந்தது. தெளிவான பார்வையின் வழக்கமான தூரமான 25 சென்ரிமீற்றரை அதால் வகுத்தால் 5 மடங்குதான். உண்மையான பத்து மடங்கு வில்லைக்குக் குவியத் தூரம் 2.5 சென்ரிமீற்றர் அளவே இருக்கும். பெரிய சங்குகளுக்கு இந்த வில்லை போதும். உதட்டிலுள்ள நுண்பற்களுக்கு, மலைக்காட்டுச் சிறுநத்தைகளின் வாய்க்கு, இது போதாது. நகைக்கடைக்காரர் பயன்படுத்தும் வில்லையைத் தனியே வாங்கிக்கொள்வது நல்லது.

மட்டி, சிப்பி வகை ஓடுகள் ஆறும் குறை சொல்ல இடமில்லாதவை. இரட்டை ஓடுகளுக்கு நத்தையைப் போன்ற வாய் கிடையாது. பொருத்துப் பற்களும், ஓடுகளை மூடும் தசைத் தழும்புகளும், உறிஞ்சுகுழல் இழுபட்ட இடத்தைக் காட்டும் உட்கோட்டின் வளைவும் எல்லா ஓடுகளிலும் தெளிவாக இருக்கின்றன. யானைத் தந்தச் சிப்பி இரு முனையும் திறந்த குழாய். அகன்ற முனை மணலுக்குள்ளும் குறுகிய முனை மேலே நீரிலும் இருக்கும் என்பதை ஒரு பிடி ஆற்று மணலில் நட்டுக் காட்டினேன். உதட்டின் ஓரமாகத் துளைகளை வரிசையாகக் கொண்ட காதுச்சிப்பி, கழிவு நீருக்குத் தலைக்கு மேல் தனி வழி திறந்துகொண்ட உயிர் என்பதற்கு நல்ல சான்று.

என் பெரிய ஏமாற்றம் தரைநத்தைகளைப் பற்றியது. இலங்கையில் சுமார் 250 தரைநத்தை இனங்கள் உள்ளன. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு வேறெங்கும் இல்லாதவை. அவற்றுக்கு நம்முடைய ஈரவலய மலைகள் முக்கியமான இருப்பிடம். ஆனால் 24 ஓடுகளில் தரைநத்தை ஒன்றே ஒன்றுதான். அதுவும் வெளியிலிருந்து வந்த ஆபிரிக்கப் பெருநத்தை. 1847 இல் பென்சன் என்பவர் மொரீசியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விட்ட இனம் அது. 1900 அளவில் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. அதன் நடுத்தண்டு வாய்க்குள் வந்ததும் திடீரென்று வெட்டியதுபோல் நின்றுவிடுவது அக்குடும்பத்தின் அடையாளம். அது இந்த ஓட்டில் தெளிவாகத் தெரிகிறது. உதட்டைத்தான் தேய்த்துவிட்டார்கள். இந்த நத்தைக்கு உதடு இயல்பாகவே மெல்லியது, கூரியது, வெளிப்பக்கம் மடிவதில்லை.

அதற்கு எதிரான அமைப்பைக் காட்ட அக்காவஸ் என்ற பேரினத்தின் ஓடு ஒன்று வேண்டும். இலங்கைக்கு மட்டுமே உரிய அவ்வினங்கள் வளர்ச்சி முடிந்ததும் உதட்டைத் தடிக்கச் செய்து வெளிப்பக்கமாக மடித்துக்கொள்கின்றன. 1758 இல் லின்னேயஸ் பெயரிட்ட இனம் ஒன்றுக்கு, அதன் உதட்டு நிறத்தைக் கொண்டே ‘இரத்த வாய்’ என்று பொருள்படும் ஹீமாஸ்டோமா என்னும் பெயர் அமைந்தது. கித்துல்கலைப் பக்கத்தில் உறவினர் வீட்டுத் தோட்டத்தில் கிடந்த வெற்று அக்காவஸ் ஓடு ஒன்றை நான் பல கோணங்களில் படமெடுத்துக்கொண்டு, கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். அந்தப் படங்களைப் பெருநத்தையின் ஓட்டுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பாடத்தை முடித்தேன். நாட்டுக்கே உரிய இத்தகைய உயிர்களின் ஓடுகளைக் காட்டிலிருந்து பொறுக்கி விற்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் அச்சு வார்த்த மாதிரியோ நல்ல வண்ணப்படமோ வைத்திருக்கலாம் அல்லவா? கையேட்டில் அரைப் பக்கம்கூட இல்லை.

அதே அரைப் பக்கத்தில் சொல்லியிருக்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. நம் ஈரக் காடுகளில் வாழும் கோரில்லா என்ற தட்டை நத்தைகளின் வாய்க்குள், வெளியிலிருந்து பார்த்தால் முழுதும் தெரியாத தடுப்பு மடிப்புகள் பல இருக்கின்றன. நத்தையைத் தின்னும் வண்டுகள் போன்ற பகை உயிர்களுக்கு அவை தடையாகலாம் என்று கருதப்படுகிறது. தெரோசைக்ளோஸ் என்னும் மூடியுள்ள தரைநத்தைக்கு, வட்ட வாயின் மேல் ஓரத்தில் சிறகுபோன்ற ஒரு நீட்சி இருக்கிறது. மூடியை இறுக்கிக்கொண்டு உள்ளே கிடக்கும் உயிருக்கு அதனடியிலுள்ள வெட்டு காற்று வழி. எங்கள் பாடசாலைக்கு மேலுள்ள காட்டோரத்து வடிகானில், பத்து ரூபா நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய, வட்ட வாய் நத்தை ஒன்றை மாணவர்கள் கண்டார்கள். ஈர்க்குக் குச்சியால் மெல்லத் தொட்டதும் கொம்புகள் சுருங்கின, தலை மறைந்தது, பாதம் இரண்டாக மடிந்தது. கடைசியில் வட்டமான கொம்பு மூடி உதட்டின் விளிம்புக்குச் சற்று உள்ளே போய்ப் பொருந்தியது. மூன்று நான்கு விநாடிக்குள் முடிந்த அந்தக் காட்சிக்கு, பெட்டியிலுள்ள எந்தப் பொருளும் ஈடில்லை. பெருநத்தைக்கு இந்த வசதி கிடையாது. வறண்ட பெப்ரவரியில் வட்டவளைப் பக்கத்து லயச் சுவர்களில் அது ஒட்டிக் கிடக்கும்போது, வாயைத் தன் சளியால் ஆன வெண்சவ்வினால் அடைத்துக்கொள்கிறது. வெள்ளையடித்த சுவரை அது சுரண்டுவதும் ஓட்டுக்கு வேண்டிய சுண்ணத்துக்காகவே. உயிருள்ள பெருநத்தையை வெறுங்கையால் தொட விடாதீர்கள். மூளையைத் தாக்கும் எலி நுரையீரற் புழுவை அது சுமக்கக்கூடும். சிவனொளிபாதமலைக் காடு, ஹோட்டன் சமவெளி ஆகிய காப்பிடங்களிலிருந்து வெற்று ஓட்டைக்கூட எடுத்துவர வேண்டாம்.

பெட்டியின் கட்டுமானம் பற்றி ஒரு சொல். மூடி நன்றாகப் பொருந்துகிறது, கொளுக்கிகள் உறுதியானவை. ஆனால் உள்ளேயுள்ள இரப்பர்ப் பஞ்சு ஜூன், ஜூலை மழையில் ஈரத்தை இழுத்துப் பூஞ்சணம் பிடித்தது. சிலிக்கா பொட்டலங்கள் நான்கை இட்டு, வாரத்துக்கு ஒருமுறை வெயில் கண்ட நேரத்தில் திறந்து வைக்கிறேன்.

குறைகளைப் படங்களோடு எழுதி அனுப்பியபோது, கடைக்காரர் முதலில், ஓடு என்றால் ஓரம் சற்று உடைந்துதான் இருக்கும் என்று சொன்னார். வளர்ச்சிக் கோடுகளை வில்லைக்குக் கீழே வைத்து எடுத்த படத்தை மீண்டும் அனுப்பிய பிறகு மரியாதையாகப் பேசி, ஒன்பதில் மூன்றை மாற்றித் தர ஒப்புக்கொண்டார். மற்றவற்றுக்கு இருப்பு இல்லை என்றார். கையேட்டுப் பிழைகளை அடுத்த பதிப்பில் திருத்துவதாகவும் சொல்லியிருக்கிறார். மாற்று ஓடுகள் இரண்டு வாரத்தில் வந்தன. பொதியைப் பிரித்ததும் கூம்புச் சங்கை முதலில் எடுத்தவள் அன்று குறையைக் கண்ட அதே மாணவிதான். சன்னலோரம் கொண்டுபோய், உதட்டை வெளிச்சத்துக்குத் திருப்பி, கோடுகளை ஒவ்வொன்றாக விளிம்புவரை பார்த்துவிட்டு, “இது முழுசா இருக்கு சேர்” என்று சொல்லிப் பஞ்சுக் குழியில் வாய் மேலே இருக்கும்படி வைத்தாள்.